எக்மான்ட் தீவுக்குப் போய் வந்தோம்

டாம்பா, ஃபுளோரிடா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. வெயில் வழக்கம்போலத்தான், மத்தியானமானால் இடியும் மழையும், அரை மணியில் மறுபடி சுள்ளென்று அடிக்கிறது.

"டிஸ்னியை விட்டால் அந்த ஊரில் என்னதான்டி இருக்கு?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் உன் சீரியல் வந்துவிடும்.

போன சனிக்கிழமை எக்மான்ட் தீவுக்குப் போனோம். டாம்பா விரிகுடாவின் வாயில் இருக்கிறது, படகில்தான் போகவேண்டும். கடை கண்ணி கிடையாது. தயிர்சாதமும் தண்ணீரும் கட்டிக்கொண்டோம். ஒரு கலங்கரை விளக்கம், இடிந்த கோட்டை, செங்கல் பாவிய தெருக்கள். வீடுகள் போய்த் தெரு மட்டும் மிச்சம். மண்ணில் வளை தோண்டி வாழும் ஆமைகள்தான் அங்கே குடித்தனம். ஒரு ஆமைக்குப் பின்னாலேயே போன பாப்பாவை இழுத்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஃபுளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல் மக்களை அடைத்துவைத்த இடம் அது. பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப 1830-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டது. இவர்கள் அசையவில்லை. 1835-லிருந்து 1842 வரை சண்டை. 1855-ல் மறுபடி மூண்டு மூன்று வருஷம். வெள்ளைக் கொடியை நம்பிப் பேச வந்த அவர்கள் தலைவர் ஒசியோலாவை 1837-ல் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியில் காவலிலேயே செத்துப்போனார். 1855-ல் மூண்ட சண்டையில் பிடிபட்டவர்களைப் பெண்டு பிள்ளைகளோடு இந்தத் தீவில் வைத்துக் கப்பலேற்றினார்கள்.

அப்படி 1858-ல் ஏற்றப்பட்டவள் பாலி பார்க்கர். வடக்கே செயின்ட் மார்க்ஸில் கப்பல் விறகு ஏற்ற நின்றது. மருந்துக்குப் பச்சிலை பறிக்கிறோம் என்று இறங்கியவள், கூட வந்த சிலரோடு காட்டுக்குள் ஓடிவிட்டாள். எல்லோரும் தப்பவில்லை, அவள் தப்பினாள். ஒக்கிசோபி ஏரிப் பக்கம் வரை நடந்தே திரும்பினாள். அவள் வம்சத்தில் வந்தவர்கள் பிற்பாடு செமினோல்களுக்குத் தலைவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

இந்தத் தீவில் 1898-ல் கட்டிய கோட்டைக்கு என்ன பெயர் தெரியுமா? டேட் கோட்டை. 1835 டிசம்பர் 28 அன்று செமினோல்கள் வழிமறித்துக் கொன்ற அமெரிக்கப் படை மேஜர் டேட்டின் பெயர்! எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இப்போது அந்தக் கோட்டையில் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. தீவும் வருஷா வருஷம் கரைகிறது.

டேட் படையோடு கிளம்பியது டாம்பாவின் புரூக் கோட்டையிலிருந்து. இன்று அங்கே உயரமான கட்டடங்கள்தான். 1980-ல் கார் நிறுத்த அடுக்குமாடி கட்டத் தோண்டியபோது பழைய இடுகாடு வெளிப்பட்டது. செமினோல்கள் தங்கள் முன்னோரின் எலும்புகளை வாங்கி, நகரத்துக்குக் கிழக்கே நிலம் பிடித்து அடக்கம் செய்தார்கள். பக்கத்திலேயே பிங்கோ என்ற சூதாட்டத்துக்கு ஒரு கூடமும் கட்டினார்கள். அதுதான் வளர்ந்து இன்று அந்தப் பெரிய ஹார்ட் ராக் சூதாட்ட ஹோட்டல். 2007-ல் ஹார்ட் ராக் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். சூதாட்டம் என்றதும் நீ முகம் சுளிப்பாய். எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஒளிந்து மிஞ்சிய சில நூறு பேரின் பிள்ளைகள் அம்மா, சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதவர்கள். எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நீ வரும்போது தெற்கே பிக் சைப்ரஸில் இருக்கும் அவர்கள் மியூசியத்துக்குப் போகலாம். சுவரில்லாமல், நம்ம ஊர் ஓலைக் கொட்டகை மாதிரியே வேய்ந்த 'சிக்கீ' வீடுகளைப் பார்க்கலாம். பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலையைத் தம்பி இன்னும் இழுத்தடிக்கிறானா? நான் கேட்டேன் என்று சொல்.

உன் மகள்