எருக்கம்பஞ்சு நூல்

அன்பு வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் போனில் "எருக்கம்பஞ்சில் நூல் நூற்க முடியுமாப்பா?" என்று கேட்டாய். ஓ, முடியுமே என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தக்ளி என்ற நூல் நூற்கும் சின்னக் கதிரைச் சுற்றிய கை என்ற தைரியம்தான். பத்து நாளாக அதற்கான பலனை அனுபவிக்கிறேன்.

கண்மாய்க் கரையில் முதலில் பறித்ததெல்லாம் நன்றாக வெடித்த காய்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். உன் அம்மா மின்விசிறியைப் போட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? சாம்பாரில்கூடப் பஞ்சு மிதந்தது. மறுநாள் வாய் லேசாகப் பிளந்த காய்களாகப் பார்த்துப் பறித்தேன். பிரித்தால் உள்ளே மீன் செதில் அடுக்கியது மாதிரி விதைகள். அவற்றின் அடியில் வெள்ளிக் குஞ்சம் போலப் பஞ்சு. கலையாமல் முழுசாக வந்துவிடும். விதையை மட்டும் விரலால் தள்ளிவிட வேண்டியதுதான். பால் கையில் பட்டால் கண்ணைக் கசக்கிவிடாதே என்று உன் ஆச்சி சொல்வாளே, அந்தப் பயத்தில் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

சரி, நூற்க உட்கார்ந்தால் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறது. இழை ஒரு அங்குலம் இருக்கிறது, நீளத்தில் குறையில்லை. ஆனால் பருத்தி இழை காய்ந்ததும் தட்டையாகித் தானாகவே முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒன்றை ஒன்று பற்றும். எருக்கு இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகு போல வழவழப்பு. எவ்வளவு முறுக்கினாலும் உருவிக்கொண்டு போகிறது. இலவம்பஞ்சும் இந்த ஜாதிதான், தலையணைக்குள் இருப்பதுதான் அதற்கு மரியாதை.

பிறகு பருத்தியோடு கலந்தேன். நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பு இரண்டு வாங்கி, இரண்டு பஞ்சையும் மாற்றி மாற்றிச் சீவினேன். மூன்று பங்கு எருக்கும் ஒரு பங்கு பருத்தியும் நிற்கவில்லை. பாதிக்குப் பாதி நின்றது. தக்ளியைத் தொங்கவிட்டால் அதன் கனத்துக்கே நூல் அறுந்தது. கொட்டாங்குச்சிக்குள் நிறுத்திச் சுற்றிய பிறகுதான் இழுவை குறைந்து நூல் வந்தது. அங்கங்கே தடித்துப் போயிருக்கும், வாத்தியார் பார்த்தால் காதைத் திருகியிருப்பார். வெயிலில் பிடித்துப் பார், பட்டு மாதிரி மினுக்கும்.

எருக்கின் தண்டு நார் இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் வில்லுக்கு நாணாகவும் தூண்டில் கயிறாகவும் திரித்தது அதைத்தான். ஒரே செடியில் இப்படி ஒரு முரடும் இப்படி ஒரு சொகுசும்! வாழை நாரை நூற்கவே வேண்டாம். ஈரத்தோடு மெல்லிசாகக் கிழித்து, முனையோடு முனை முடிந்தால் போதும். சென்னைப் பக்கத்து அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதில் புடவையே நெய்கிறார்கள். உனக்கு அடுத்து அதை அனுப்பட்டுமா?

கலக்காத எருக்கு நூல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே, அது என் கைக்கு வராது. இப்போது அனுப்புவது கலப்பு நூலில் சின்னச் சிட்டம், அதாவது நூல் சுருள், ஒன்றுதான். கழுத்துத் துண்டுக்குப் பற்றாது. ஓரத்தில் நாலு வரிசை பின்னலாம். பின்னும்போது இழுத்துப் பிடிக்காதே.

அம்மா பக்கத்தில் நின்று, "பொடிமாஸுக்கு உருளைக்கிழங்கு நறுக்கச் சொல்லி அரைமணி நேரமாகிறது, அதையும் எழுதுங்கள்" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா