பூட்டிய இராட்டினமும் புதுப் பெயின்ற்றும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ். குடாநாட்டுப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பராமரிப்பின்றிக் கிடப்பதாகத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த செய்தியை வாசித்தேன். குறை இருப்பது உண்மைதான். ஆனால், பராமரிப்பை நாம் கண்ணால் மட்டுமே அளக்கிறோம். கடந்த பாடசாலை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தேன். இராட்டினத்தை நிறுத்திவைத்து இருவர் அதன் அச்சுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தனர். "காசையும் வாங்கிப்போட்டுப் பூட்டி வைச்சிருக்கினம்" என்று வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். பக்கத்தில் புதுப் பெயின்ற் அடித்த சறுக்கியை மெச்சியவர்களும் அவர்களே. அதன் ஏணிப்படியின் அடிப்பக்கமோ கறள் பிடித்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. உப்புக்காற்று வீசும் எமது மண்ணில் மேற்பூச்சு மட்டும் இரும்பைக் காப்பாற்றாது.

பழனியில் மலைக்கோயிலுக்குச் செல்லும் ரோப் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக நிறுத்தும்போது முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். (எம்மவர் பலர் அதை நேரில் கண்டிருப்பர்.) இங்கும் ஒவ்வொரு விளையாட்டுச் சாதனத்தின் முன்பும் இறுதியாகப் பரிசோதித்த திகதி, நிறுத்தியிருந்தால் அதற்கான காரணம், மீளத் திறக்கும் நாள் ஆகியவற்றை எழுதிய பலகை வேண்டும். மாரி தொடங்குமுன் உள்ளூராட்சி மன்றங்கள் இதை அனுமதிப்பத்திரத்துக்கான நிபந்தனையாக்கலாம்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.