பார்த்தேன், அவ்வளவுதான் என்றாயே

சேசு மரி சூசை துணை

எலத்தகிரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஃபேக்டரியில் உன் லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணை அவளுக்கே தெரியாமல் யாரோ போட்டோ எடுத்து, நீங்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். அதன் கீழே ஆளாளுக்குக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள். "நான் ஒண்ணும் எழுதலம்மா, பார்த்தேன், அவ்வளவுதான்" என்றாய். மறைக்காமல் சொன்னது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த அவ்வளவுதானை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மலைமேல் செய்த பிரசங்கத்தில், அந்த மலைப்பொழிவில், இயேசு ஆண்டவர் பிடித்ததே அந்தப் பார்வையைத்தான். மத்தேயு 5ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். இச்சையோடு ஒரு பெண்ணைப் பார்க்கிறவன் உள்ளத்தில் அவளோடு விபசாரம் செய்தாயிற்று என்கிறார். அடுத்த வசனத்தில் கண்ணைப் பிடுங்கி எறியச் சொல்கிறாரே, அதுவும் பார்க்கிறவனுடைய கண்ணைத்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போவேன், ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரா பழம் மலைபோலக் குவிந்திருக்கும். அறுத்து அறுத்து இரண்டு கையும் முழங்கை வரை கூழாகிவிடும். முந்தானை நழுவினால் இழுத்துவிடக் கை கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு சூப்பர்வைசர் எதிரே வந்து நிற்பான். தொடமாட்டான், ஒரு வார்த்தை பேசமாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான். அவன் போகும்வரை நாங்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு, கத்தியையே பார்த்தபடி குனிந்திருப்போம். இன்னொருவர் இருந்தார், வயதானவர். எங்கள் பக்கம் வருவதற்கு முன்பே தூரத்தில் நின்று "வர்றேம்மா" என்று குரல் கொடுப்பார். யாராவது சேலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், கை கழுவிவிட்டு வரும்வரை வேறு பக்கம் திரும்பி நிற்பார். கோவிலில் தூய்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் முகம்தான் வரும்.

இப்போது நீயும் சூப்பர்வைசர். பைபிளில் ரூத்து நூல் நாலே அதிகாரம், உட்கார்ந்து ஒருதரம் படி. ரூத்து மோவாபு நாட்டுக்காரி, புருஷனை இழந்தவள், பெத்லகேமில் மாமியாரை விட்டால் நாதியில்லை. வாற்கோதுமை அறுப்பில் கதிர் பொறுக்க வந்தவளை யாரும் தொடக் கூடாது என்று வயல்காரர் போவாசு தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் அறுப்புக்காரர்களோடு உட்காரவைத்தார். அவளை அவமானப்படுத்தாதீர்கள் என்று தனியாக வேறு சொன்னார். அப்புறம் ஒரு ராத்திரி, மாமியார் சொற்படி, களத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரின் காலடியில் அவளே வந்து படுத்தாள். கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை. அவரோ மகளே என்றுதான் பேசினார். தன்னைவிட நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான், அவனை முதலில் முறைப்படி கேட்டாக வேண்டும் என்றார். அவள் பேர் கெட்டுவிடாமல், ஆள் அடையாளம் தெரிவதற்கு முன்பே வாற்கோதுமையை அளந்து கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார். விடிந்ததும் ஊர் வாசலில் பெரியவர்கள் 10 பேரை வைத்துப் பேசி முடித்த பிறகுதான் கல்யாணம். அந்த வம்சத்தில்தான் தாவீது வந்தார், நம் ஆண்டவரும் வந்தார். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஓசூருக்கு வந்து, பாஷை தெரியாமல் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளும் ரூத்துகள்தான். உன் லைனில் நிற்கிறவரை அவர்களுக்கு நீதான் பொறுப்பு.

ஜூலை 6, புனித மரிய கொரற்றி திருநாளில் பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துக் கதை சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. 1902இல், தன் இச்சைக்கு இணங்கவில்லை என்று அந்த 11 வயதுக் குழந்தையைக் குத்திக் கொன்றவன் அதே வீட்டில் குடியிருந்த வாலிபன். முதலில் ஆண்பிள்ளைகளைத்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று உன் மாமா சொல்வார். அதையும் நம்பாதே கண்ணு. சொந்த மனைவியையே தன் ஆசை தீர்க்கும் பொருளாக மட்டும் பார்க்கிற கணவனும் உள்ளத்தில் விபசாரம் செய்கிறான் என்று 1980இல் போப் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) பேசினார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கிக் கேலி செய்தன. அவர் சொன்னது நிஜம். நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிறவளை அப்படி யாரும் பார்க்கக் கூடாது, நீயும்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் போட்டோவை அழி. குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் நழுவாதே. இது தப்பு, எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டு வெளியே வா. போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். கேட்கவில்லை என்றால் கம்பெனியில் பெண்கள் புகாருக்கென்று கமிட்டி இருக்குமே, அங்கே போ. அந்தப் பெண்ணுக்குத் தெரியப்படுத்துவது ஒரு பெண் அதிகாரி வழியாகவே இருக்கட்டும். அவள் பேரை வேறு யாரிடமும் எடுக்காதே, எனக்கும் சொல்ல வேண்டாம். இவன் பெரிய சாமியார் என்று கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு எனக்கு போன் பண்ணு.

அப்பாவும் இதைப் படித்தார். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றார்.

அன்புடன்,
அம்மா