ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

போன வாரம் கையில் அட்டையும் படிவமுமாக எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்களே, அதில் என் வீடும் ஒன்று. "உங்கள் தெருவில் நடக்கும் கட்டடத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டீர்கள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை, அந்த வெயிலில் இன்னும் எத்தனை படி ஏற வேண்டியிருந்ததோ. ஆனால் எனக்குக் கருத்து நிறையவே இருக்கிறது.

வளர்ச்சியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். தெருவை அகலப்படுத்திய பிறகுதான் ஆம்புலன்ஸ் வாசல் வரை வருகிறது. அதற்கு முன்னால், மூச்சுத் திணறிய பக்கத்து வீட்டுப் பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடிய நாலு பேரில் நானும் ஒருவன். அதனால் 'எதிர்ப்பு' என்று எழுத எனக்கு மனசு வராது. 'ஆதரவு' என்று எழுதலாம் என்றால் படுக்கையறைச் சுவர் கண்ணில் படுகிறது.

எதிர் மனையில் பைலிங் போட, அதாவது அஸ்திவாரத் தூண்களை ஆழமாக மண்ணுக்குள் இறக்க, ஆரம்பித்த இரண்டாம் நாள் ஜன்னல் மூலையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் கிளம்பியது. கட்டட வேலை தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னபடி, விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றையும் சிமெண்ட் வைத்து ஒட்டினேன், சுவர் விலகினால் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று. இப்போது சுவரில் ஐந்து தேதிகள் இருக்கின்றன. கண்ணாடி மூன்றாவது தேதிக்கு முன்னாலேயே போய்விட்டது. இதைக் காட்டத்தான் உங்களை உள்ளே வரச் சொன்னேன், நேரமில்லை என்றீர்கள். அப்புறம் அந்த மனையையே மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் மழையைக் குடித்துக்கொண்டிருந்த இடம் முழுக்கத் தளம் போட்டாகிவிட்டது, இனி அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டாம்.

பழைய ஆட்கள், பழசை நினைத்து ஏங்குகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்களாக இருக்கும். அது வெறும் ஏக்கம் இல்லை, தம்பி. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பகுதி இருந்தது. 1950-களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அதைத் தரைமட்டமாக்கினார்கள். வெளியேற்றப்பட்டவர்களிடம் பேசி, மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் 1963-ல் எழுதினார். பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, ஆண்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல், நெருங்கியவர் செத்தால் வருகிற துக்கம்தான் இருந்ததாம். அதிலும் வீட்டோடு நின்றுவிடாமல் அந்தப் பகுதி முழுக்க நடந்து பழகியவர்களுக்குத்தான் துக்கம் அதிகம். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் தெருவில் இன்னமும் வழி கேட்டால் "மரத்தடியில் திரும்புங்கள்" என்றுதான் வாயில் வருகிறது, மரத்தை வெட்டியோ ஒரு வருஷமாகிறது.

சரி, உங்கள் படிவத்துக்கு வருகிறேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற பெண்மணி 1969-லேயே, முடிவெடுப்பதில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி வைத்த ஏணியாக வரைந்து காட்டினார், மேலே போகப் போக மக்கள் கையில் அதிகாரம் கூடும். கீழே இருந்து எண்ணினால் கருத்துக் கேட்பது நாலாவது படி. கேட்ட கருத்து முடிவை மாற்றும் என்று உத்தரவாதம் இல்லாதவரை அது பேருக்குச் செய்கிற வேலை என்றே அவர் வகைப்படுத்தினார். நீங்கள் "எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டபோது உங்கள் முதுகுக்குப் பின்னால் கிரேன் சுற்றிக்கொண்டிருந்தது, தம்பி. நான் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆனாலும் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அது இல்லை, மாடியில் நடந்த விஷயம். படிவத்தில் முதல் கேள்வியே 'சொந்த வீடா, வாடகையா?' மாடியில் குடியிருக்கும் அம்மா "வாடகை" என்றதும் பேனாவை மூடிவிட்டு, அந்த மாடி வீட்டின் சொந்தக்காரர் எப்போது இருப்பார் என்று கேட்டீர்களாம். பத்தொன்பது வருஷமாக அங்கே இருக்கிறார் அந்த அம்மா. இந்தத் திட்டத்தில் என் போன்ற சொந்த வீட்டுக்காரனுக்கு விரிசலும் வரலாம், விற்கிறபோது நல்ல விலையும் வரலாம். அவருக்கு வந்திருப்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ். தெருவிலேயே அதிகம் இழக்கப் போகிறவரைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

ஒரு வெற்றுப் படிவத்தோடு மறுபடி வாருங்கள். என் வீட்டுச் சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாடிக்குப் போங்கள். மாசக் கடைசிக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு அந்தக் கதவு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்