செயலாளர் ஆண்டறிக்கை 2025: தன்னார்வ அமைப்புகளுக்கான கணினி உதவிப் பணி

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பு அமைப்புகளின் பிரதிநிதிகளே, அனைவருக்கும் வணக்கம்.

"கணினி வாங்கித் தர ஆள் இருக்கிறது. அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?" சென்ற பொதுக்குழுவில் ஓர் அம்மா எழுந்து கேட்ட கேள்வி இது. இந்த ஆண்டு முழுக்க அதை மனதில் வைத்துத்தான் வேலை செய்தோம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு வந்த உதவிகளோடு கணினிகளும் வந்தன. கூடவே இருந்து சொல்லித்தர ஆள் வரவில்லை. துணி போர்த்தியபடியே பழசாகிப்போன கணினிகளை நம் அலுவலகங்களில் நானே பார்த்திருக்கிறேன். அதனால் இம்முறை பொருள் எதுவும் வாங்கவில்லை. இரண்டு இளைஞர்களைப் பகுதிநேரமாக அமர்த்தி, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, தரங்கம்பாடி என்று ஊர் ஊராக அனுப்பினோம்.

செப்டம்பர் மாதம்தான் நம்மைப் பிழிந்து எடுத்தது. அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி என்று 2021இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த இரண்டு பதிவுகளும் 2026 மார்ச் 31உடன் முடியவிருந்தன. மறுபடி புதுப்பிக்க 2025 செப்டம்பர் 30க்குள் வருமான வரித் தளத்தில் விண்ணப்பித்தாக வேண்டியிருந்தது. விண்ணப்பம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் உள்ளே நுழையவே முடியவில்லை. ஓர் அமைப்பில், ஓடிபி போகும் கைபேசி எண் நான்கு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப்போன கணக்காளருடையது. அவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். நம் பையன் அவருக்கு போன் செய்து, விவரம் சொல்லி, அவர் பணி முடிந்து வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, இரவு ஒன்பதரைக்கு ஓடிபி வாங்கி உள்ளே போனான். அந்த மனிதர் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் உதவினார். அவருக்கு இந்த மன்றத்தின் நன்றி. அவர் எண்ணை மாற்றியிருந்தால் என்ன செய்திருப்போம்? அன்றே செயற்குழுவில் முடிவெடுத்தோம்: நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல், அலுவலகப் பூட்டுக்குள் ஒரு கடவுச்சொல் நோட்டு. இதை இன்னும் செய்யாத அமைப்புகள் இந்த மாதமே செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் வருமான வரித் துறைக்கு அனுப்பும் நன்கொடைப் பட்டியல், அதாவது 10பிடி படிவம். மே 31 தாண்டினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். எக்செல்லில் நன்கொடையாளரின் ஆதார் எண்ணை அடித்தால் 12 இலக்கம் சுருங்கி நடுவில் ஓர் ஆங்கில 'E' எழுத்தோடு நிற்கும். அதை அப்படியே, தளத்தில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போய்விடும். எண்ணை அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு நெருக்கமான வேலை தமிழ்க் கோப்புகளை மீட்டதுதான். இருபது வருட மகளிர் குழுப் பதிவேடுகள் பழைய எழுத்துருக்களில் கிடந்தன. புதுக் கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது, எல்லாம் குறிகள். எல்லாக் கணினியும் படிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய பிறகும் 'கௌரி' என்று தேடினால் ஆளே இல்லை! பார்த்தால், கொம்பு போட்ட 'கெ'வுக்குப் பக்கத்தில் தனியாக 'ள' போட்டு 'கெளரி' என்று அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர். கௌசல்யா, சௌந்தரம், மௌனிகா என்று ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து திருத்தினோம். பெயர் பட்டியலில் கிடைக்காததால் ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை தள்ளிப்போகிறது என்றால் இது சின்ன வேலை இல்லை. அப்புறம், புதிதாக அடிப்பவர்களுக்கு தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சியும் தொடங்கினோம்.

அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. புது விண்டோஸ் ஏறாத கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் லிப்ரே ஆபீஸ் அலுவலக மென்பொருளும் போட்டுக் கொடுத்தோம். டேலி கணக்கு மென்பொருள் பயன்படுத்துவோருக்கு மட்டும் ஒரு விண்டோஸ் கணினியை அப்படியே விட வேண்டியிருந்தது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது பதிவேடு நனைந்த அமைப்புகளுக்கு நகல் ஏன் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நகல் அலுவலகத்தில், ஒன்று இணையத்தில் உள்ள மேகக் (கிளவுட்) கணக்கில், ஒன்று கடலோரம் இல்லாத ஊரில். இதைப் பாதிப் பேர்கூட இன்னும் செய்து முடிக்கவில்லை. அது என் குறை. வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள அமைப்புகளுக்குப் போதிய அளவு போக முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் அழுத்திக் கேட்கிறேன். பயனாளிகளின் ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். 2023இலேயே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம்மை நம்பி நீட்டிய கை அது.

வரும் ஆண்டுக்கு மூன்றாவது இளைஞர் ஒருவரைத் தெற்குப் பகுதிக்கென்றே அமர்த்த செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்காக உறுப்பினர் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் உங்கள் முன் வைக்கப்படுகிறது. வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்