விற்ற பிறகு கேமராவின் வசதிகளைப் பறித்தது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர், தகவல் பாதுகாப்பு அதிகாரி

அனுப்புநர்: உங்கள் தாழ்வாரக் கேமராவை வாங்கிப் பொருத்தியுள்ள, சிங்கப்பூரில் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைச் சேர்ந்த குடும்பங்கள்

பொருள்: கட்டாயப் புதுப்பிப்பால் உள்ளூர்ப் பதிவு வசதியை நீக்கியது, அதற்கு மாதக் கட்டணம் கேட்பது, கணக்கை நீக்க அடையாள அட்டை நகல் கேட்பது

ஐயா, அம்மையீர்,

வணக்கம். நீங்கள் 189 வெள்ளிக்கு விற்ற கேமராவின் பெட்டியில், முன்பக்கத்திலேயே 'மாதக் கட்டணம் இல்லை' என்று அச்சிட்டிருந்தீர்கள். பக்கவாட்டில் பதிவு செய்ய மூன்று வழிகள் குறிப்பிடப்பட்டிருந்தன: கேமராவுக்குள் செருகும் மைக்ரோ எஸ்டி அட்டை, வீட்டு வைஃபைக்குள்ளேயே ஆர்டிஎஸ்பி (காட்சியை வலைவழி நேரடியாக அனுப்பும் நெறிமுறை) முறையில் சொந்தப் பதிவுக் கருவிக்கு அனுப்பும் வசதி, உங்கள் கிளவுட் (இணையவழிச் சேமிப்பு). முதல் இரண்டையும் நம்பித்தான் எங்கள் புளோக்கில் பலரும் இதை வாங்கினார்கள். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 கிகாபைட் ஆகும். 128 கிகாபைட் அட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 நாள் பதிவு நிற்கும். வாசலில் வைத்த பொட்டலம் காணாமல் போனால் தேடிப் பார்க்க அது தாராளமாகப் போதும். கிளவுட் தேவையே இல்லை.

உங்கள் புதிய ஃபர்ம்வேர் (கேமராவை இயக்கும் உள்மென்பொருள்) இந்த இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டது. அதை ஏற்காவிட்டால் செயலியே திறக்கவில்லை. 'பிறகு' என்ற தெரிவைக்கூட நீங்கள் வைக்கவில்லை. புதுப்பித்த பின், ஆர்டிஎஸ்பி பயன்படுத்தும் 554-ஆம் போர்ட் (வலை இணைப்பு வாயில்) மூடிக்கிடக்கிறது. அட்டையைக் கழற்றிக் கணினியில் செருகினால், முன்பு தேதிவாரியாக இருந்த காணொளிக் கோப்புகளுக்குப் பதிலாக எந்த மென்பொருளாலும் திறக்க முடியாத கோப்புகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி உங்கள் சர்வரில் இருக்கிறது. சந்தா கட்டினால்தான் செயலிவழி பார்க்கலாம். சந்தா மாதம் 8.90 வெள்ளி, ஆண்டுக்கு 106.80 வெள்ளி. இரண்டே ஆண்டுகளில் அது கேமராவின் விலையைத் தாண்டிவிடுகிறது.

ஆள் நடமாட்டத்தை அடையாளம் காணும் வசதியும் இப்போது சந்தாவுக்குள் போய்விட்டது. 'கிளவுட் செலவை ஈடுகட்ட' என்று, எங்களுக்கு முன்பு அனுப்பிய பதிலில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியல்ல என்பதை உங்கள் பொறியாளர்களே சரிபார்க்கலாம். சந்தா உள்ள ஒரு கேமராவை ரூட்டரில் தனி வைஃபைப் பெயரில் இணைத்து, அது மேலேற்றும் தரவைக் கவனிக்கச் சொல்லுங்கள். படம் முழுவதையும் அனுப்பி உங்கள் கணினியில் ஆளை அடையாளம் காண்பதாக இருந்தால், தரவு ஓயாமல் மெகாபிட் கணக்கில் போய்க்கொண்டிருக்க வேண்டும். தாழ்வாரம் காலியாக இருக்கும்வரை அது சில கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. ஆள் தென்பட்ட பிறகுதான் துண்டுக் காட்சி மேலேறுகிறது. அடையாளம் காணும் வேலையைக் கேமராவுக்குள் இருக்கும் சில்லுதான் செய்கிறது. அந்தச் சில்லுக்கும் அதை இயக்கும் மின்சாரத்துக்கும் நாங்கள்தான் பணம் கொடுக்கிறோம்.

இதைவிட எங்களை அதிகம் கவலைப்படுத்துவது அடுத்த சோதனை. மின்சாரத்தை நிறுத்துங்கள். ரூட்டரில் அந்தக் கேமராவுக்கு இணையத்தை மட்டும் தடுத்துவிட்டு மின்சாரத்தை மீண்டும் கொடுங்கள். பழைய ஃபர்ம்வேரில் கேமரா சிறிது நேரத்தில் எழுந்து அட்டையில் பதியத் தொடங்கும். புதியதில் ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, பதிவு தொடங்குவதில்லை. கேமராவுக்குள் கடிகார மின்கலம் இல்லை. அதனால் மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் அதன் கடிகாரம் 1970 ஜனவரி 1-இலிருந்து தொடங்குகிறது. சரியான நேரத்தை உங்கள் சர்வரிடம் மட்டுமே கேட்கிறது. ரூட்டர் கொடுக்கும் நேரச் சர்வர் முகவரியைப் பொருட்படுத்துவதில்லை. நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் செல்லத்தக்கதாகவில்லை' என்று தள்ளப்படும், உள்நுழைவு தோற்கும். பதிவு செய்யும் நிரலோ அந்த உள்நுழைவுக்காகக் காத்து நிற்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது. உங்கள் சர்வர் ஒரு மணி நேரம் முடங்கினால், அந்த நேரத்தில் மின்சாரம் போய்வந்த வீடுகளில் பதிவு இருக்காது. நீங்கள் சர்வரை மூடும் நாளில் எல்லாக் கேமராக்களும் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். பழைய மாடலின் சேவை இந்த ஆண்டு இறுதியில் முடிவதாக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் பொருள் இதுதான்.

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் வழியில்லை. கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டும் ஏற்பதும், ஓட்டை உள்ள பழைய பதிப்புக்குத் திரும்பவிடாமல் தடுப்பதும் நல்ல பாதுகாப்பு முறைகள். அவற்றை நாங்கள் எதிர்க்கவில்லை. திருடனுக்காகச் செய்த அந்தப் பூட்டை வீட்டுக்காரர் மீதே போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் புகார்.

ஆர்டிஎஸ்பியை நீக்கியது 'பாதுகாப்புக்காக' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்கறை நியாயமானது. 2016 அக்டோபரில் ஸ்டார்ஹப் இணையச் சேவை இருமுறை தடுமாறியதற்கு, வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த தொற்றுக்குள்ளான கருவிகளே காரணம் என்று அந்நிறுவனம் தெரிவித்தது. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகள் உட்பட உலகெங்கும் வீட்டுக் கேமராக்களிலிருந்து திருடிய காட்சிகள் ஆபாசத் தளங்களில் விற்கப்பட்டன. இப்படிப்பட்ட ஆபத்துக்குத் தீர்வு தெரிந்ததுதான். வசதியைத் தொடக்கத்தில் அணைத்து வையுங்கள். விரும்புபவர் அதை இயக்கும்போது ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்த, நீளமான கடவுச்சொல்லைக் கட்டாயமாக்குங்கள். கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்பாமல், அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை மட்டும் அனுப்பும் டைஜஸ்ட் முறையில் சரிபாருங்கள், முடிந்தால் டிஎல்எஸ் என்ற மறையாக்க உறையிட்டு அனுப்புங்கள். இணையத்திலிருந்து வரும் இணைப்பை மறுத்து, வீட்டு வலைக்குள்ளிருந்து வருவதை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். இதற்குப் புதிய வன்பொருள் எதுவும் வேண்டாம். மேலும், காட்சிகள் முழுவதையும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் குவிப்பதால் ஆபத்து இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

இங்கே அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 மே முதல், மற்ற வீடுகளின் கதவையும் சன்னலையும் நோக்காத வரை, வீவக வீட்டுக்கு வெளியே கேமரா பொருத்த நகர மன்றத்தின் அனுமதி தேவையில்லை. அந்தத் தளர்வு அண்டை வீட்டார்மீது உள்ள நம்பிக்கையில் நிற்கிறது. எங்கள் தாழ்வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், முதியவர்கள் மருந்துப் பையுடன் வருகிறார்கள், பணிப்பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். பதிவு வீட்டுக்குள் இருக்கும் அட்டையிலேயே தங்கி 6 நாளில் அழிந்துவிடும் என்று சொல்லித்தான் பலர் அண்டை வீட்டாரிடம் சம்மதம் பெற்றார்கள். இப்போது ஆள் தென்படும் ஒவ்வொரு துண்டும் உங்கள் சர்வருக்குப் போகிறது. உங்கள் புதிய விதிமுறைகள், அவற்றைச் 'சேவையை மேம்படுத்தவும் கணினி மாதிரிகளுக்குப் பயிற்சி அளிக்கவும்' பயன்படுத்த அனுமதி கேட்கின்றன. அதை மறுத்துவிட்டுக் கேமராவைப் பயன்படுத்த வழியில்லை. நடந்துபோனவர்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. கேமரா உரிமையாளர் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினால் அது எதிர்வீட்டுப் பிள்ளையின் சம்மதம் ஆகாது.

2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 14(2)(அ) பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது: பொருளையோ சேவையையோ தருவதற்கு நியாயமாகத் தேவைப்படுவதைத் தாண்டிய தகவலுக்குச் சம்மதம் கொடுத்தால்தான் அதைத் தருவேன் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. கேமராவில் பதிவதற்கு உங்கள் மாதிரிகளுக்குப் பயிற்சி எதற்கு?

கணக்கை நீக்கக் கேட்டவர்களிடம் அடையாள அட்டையின் இருபுற நகலையும் கேட்கிறீர்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கொடுத்துத் திறந்த கணக்கு அது; அவற்றைக் கொண்டே உறுதிசெய்யலாம். சட்டம் கோரினாலோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காணவேண்டிய தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ பெறக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நகல் கொடுத்தவர்களுக்கு நீங்கள் அனுப்பும் கோப்பின் கடவுச்சொல்லோ, அடையாள எண்ணின் கடைசி 4 எழுத்துகளும் பிறந்த தேதியும். அடையாள எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி 2025 ஜூனில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் கூட்டாக அறிவுறுத்தின.

அந்த எண் இரகசியமல்ல என்பதை நாடு கசப்பாகக் கற்றது. நிறுவனப் பதிவுக்கான அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலின் புதிய வடிவம் 2024 டிசம்பர் 9-இல் தொடங்கியபோது, அதில் பெயரைத் தட்டியவருக்கெல்லாம் முழு அடையாள எண் இலவசமாகத் தெரிந்தது. 13-ஆம் தேதி தேடல் நிறுத்தப்படுவதற்குள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்துவிட்டன. அரசாங்க அமைப்புகளுக்கு இந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது, அவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது. நிறுவனங்களிடம் ஒழுங்கைக் கேட்கும் அரசாங்கம் அதே அளவுகோலைத் தன்மீதும் வைக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் அரசாங்கத் தளம் தவறியதால் உங்கள் தவறு சிறிதாகிவிடாது.

'நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை' என்று உங்கள் பதில் முடிகிறது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பரில் வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். நீங்களோ நல்ல பொருளைக் கொடுத்துவிட்டு, ஓராண்டு கழித்துத் தொலைவிலிருந்து குறைபாட்டை அனுப்புகிறீர்கள். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இப்படியொரு விற்பனை முறை பொதுவாக இல்லை. பயனீட்டாளர் சங்கம் சமரசம் பேசலாம், கட்டாயப்படுத்த முடியாது. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விடாமல் தவறிழைக்கும் வணிகர்மீது நீதிமன்றத் தடையுத்தரவு கோரலாம். தனி ஒருவரின் பணத்தை மீட்டுத் தருவது அதன் வேலையல்ல. தகவல் பாதுகாப்பு ஆணையம் தகவலை மட்டும் பார்க்கும்.

பெட்டியில் ஒட்டியுள்ள இணையப் பாதுகாப்பு முத்திரையும் உதவவில்லை. 2020 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 4 நிலைகள் உண்டு. வைஃபை ரூட்டருக்கு மட்டும் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம், கேமராவுக்கு விருப்பம்தான். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும் காலம்வரை, அதிகபட்சம் 3 ஆண்டு, முத்திரை செல்லும். பெட்டியில் சொன்ன வசதி எத்தனை ஆண்டு இருக்கும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் கருவியின் தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எவ்வளவு காலம் வரும் என்பதை வெளியிட்டாக வேண்டும். இங்கே நம் தகவலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை 2020 சட்டத் திருத்தத்தில் எழுதப்பட்டது. 2021 பிப்ரவரியில் திருத்தத்தின் பெரும்பகுதி நடப்புக்கு வந்தபோது அது ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வோர் அமைப்பும் இந்தச் சிக்கலின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நடுவில் நின்று வேலை செய்கிறீர்கள். சட்டம் வந்து சேரும்வரை கிடைக்கும் இடைவெளியை வருமானமாக்குவது, அது வழக்கில் நின்றாலும், நேர்மையல்ல.

ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு இடைவெளி இல்லை: 'மாதக் கட்டணம் இல்லை'. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பயனீட்டாளர் நியாயமாக ஏமாறக்கூடிய எதைச் சொன்னாலும் செய்தாலும் சொல்லாமல் விட்டாலும் அது நியாயமற்ற செயல் என்கிறது. பெட்டிகளும் விலைச்சீட்டுகளும், புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த போர்ட் சோதனைப் பதிவுகளும் எங்களிடம் பத்திரமாக உள்ளன.

நாங்கள் கேட்பது இது. பழைய மாடலுக்கும் இப்போதைய மாடலுக்கும் ஒரு ஃபர்ம்வேர் வெளியிடுங்கள்: ஆர்டிஎஸ்பி மேலே சொன்ன பாதுகாப்புடன் திரும்ப வேண்டும், அட்டையில் பதிவைத் திறக்கும் சாவி உரிமையாளர் கையில் இருக்க வேண்டும், ரூட்டர் தரும் நேரச் சர்வரைக் கேமரா ஏற்க வேண்டும், உங்கள் சர்வர் இல்லாமலே பதிவு தொடங்க வேண்டும். ஆளை அடையாளம் காணும் வசதியும் சந்தா இல்லாமல் கேமராவுக்குள்ளேயே ஓட வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால் கேமரா ஒன்றுக்கு 189 வெள்ளியைப் பணமாகத் திருப்பித் தாருங்கள். அடுத்த மாடலுக்கு 20 விழுக்காட்டுக் கழிவு தரும் பற்றுச்சீட்டை நாங்கள் ஏற்கமாட்டோம். ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேரும் ஊரில், நன்றாக ஓடும் கருவியை எறியச் சொல்வதைச் சலுகை என்று அழைக்க முடியாது.

தகவல் பாதுகாப்பு அதிகாரிக்குத் தனிக் கோரிக்கை: சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ், எங்கள் ஒவ்வொருவரையும் பற்றி நீங்கள் வைத்துள்ள தகவல் எவை, கடந்த ஓராண்டில் அவை எப்படிப் பயன்பட்டன, யாருக்குத் தரப்பட்டன என்பதைத் தெரிவியுங்கள். 30 நாளுக்குள் முடியாவிட்டால் எப்போது முடியும் என்பதை அந்த 30 நாளுக்குள் எழுதுங்கள். கணினி மாதிரிப் பயிற்சிக்கான சம்மதத்தை 16-ஆம் பிரிவின்கீழ் இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறோம். வாங்கிய அடையாள அட்டை நகல்களை அழித்து, அழித்ததை உறுதிப்படுத்துங்கள்.

ஃபர்ம்வேர், பணம் ஆகிய இரண்டு பற்றியும் 21 நாளுக்குள் பதில் தேவை. வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்துக்கும், அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான், அங்கு வழக்கறிஞர் வரமுடியாது. தகவல் தொடர்பான பகுதி அதே நாளில் ஆணையத்துக்குப் போகும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்கமாட்டோம்.

இப்படிக்கு,
கேமரா உரிமையாளர்கள் சார்பில்

இணைப்பு: பெட்டியின் படங்கள், விலைச்சீட்டுகள், போர்ட் சோதனைப் பதிவுகள், ரூட்டர் தரவுப் பதிவுகள்