சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவள்

பெர்லின்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். மகளிர் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்காக நீ எழுதிய உரை கிடைத்தது. "குண்டுவீச்சில் தரைமட்டமான பெர்லினைப் பெண்களே தங்கள் கைகளால் கட்டி எழுப்பினார்கள்" என்ற இடத்தில் கைதட்டல் நிச்சயம். ஆனால் சரிபார்க்கச் சொல்லித்தானே அனுப்பினாய்? அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நீளக் கடிதம்.

'இடிபாட்டுப் பெண்கள்' என்று அழைக்கப்படும் அந்தப் பெண்களுக்கு இங்கே ஹாசன்ஹைடே பூங்காவில் ஒரு சிலை இருக்கிறது. கதரீனா செலின்ஸ்கி-சிங்கர் என்ற பெண் சிற்பி செதுக்கியது, 1955இல் திறந்தார்கள். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தலையில் துணி கட்டிய ஒருத்தி செங்கற்கள்மீது உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சுத்தியல், ஓய்ந்த கைகள், சற்றே நிமிர்ந்த முகம். களைப்பை இவ்வளவு கண்ணியமாகக் கல்லில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிலையில் குறை ஒன்றும் இல்லை. அதைச் சுற்றி வளர்ந்த கதையில்தான் இருக்கிறது.

லியோனி ட்ரேபர் என்ற வரலாற்று ஆய்வாளர் 2014இல் அந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். பெர்லினில் இடிபாடு அகற்றிய பெண்கள் ஏறத்தாழ 60,000 பேர். நகரத்துப் பெண்களில் அது சிறு பங்குதான். ஜெர்மனியில் பிரிட்டிஷார் வசமிருந்த பகுதியில் நூற்றுக்கு ஒருத்திகூட அந்த வேலைக்குப் போகவில்லை. பெரும்பகுதியை அள்ளியவை கட்டுமான நிறுவனங்களும் இயந்திரங்களும். போர் முடிவதற்கு முன்போ, அதே வேலையில் கைதிகளையும் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் இறக்கியிருந்தார்கள். அவர்களை இந்தக் கதை கண்டுகொள்வதே இல்லை. போன பெண்களும் தேசத்தைக் கட்டவென்று கிளம்பியவர்கள் அல்ல. மணிக்கு 72 ஃபெனிக் கூலி (நூறு ஃபெனிக் சேர்ந்தால்தான் ஒரு மார்க்). அதைவிடப் பெரிது, கூடுதல் ரொட்டிக்கு வழிசெய்யும் ரேஷன் அட்டை. இல்லத்தரசிகளுக்குக் கிடைத்த கடைநிலை அட்டைக்கு ஊரார் வைத்த பெயர் 'பரலோக அட்டை'. நாஜிக் கட்சியில் இருந்ததற்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட பெண்களும் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அதே 1950களில் இன்னொருத்திக்கு நேர்ந்ததைப் பார். 1945 வசந்தத்தில் சோவியத் படையினர் பெர்லின் பெண்களைக் கூட்டம் கூட்டமாக வன்புணர்ந்ததையும், உயிர் பிழைக்கத் தானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதையும் ஒரு பெண் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பெயர் போடாமல் 1959இல் அது ஜெர்மன் மொழியில் வந்தது. ஜெர்மன் பெண்களின் மானத்தைக் கெடுத்துவிட்டதாக ஏசினார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர். அவர் இறந்த பிறகு, 2003இல் மீண்டும் அச்சிட்டபோது புத்தகம் பறந்தது. சுத்தியலோடு மௌனமாக உட்கார்ந்தவளுக்குச் சிலை, வாய் திறந்தவளுக்கு வசை. உன் உரையில் எனக்கு உறுத்தியது இதுதான், அக்கா. பெண்ணின் உழைப்பை ஊர் நினைவு வைத்துக்கொள்ளும், அது ஊருக்குப் பெருமை சேர்க்கும்வரை. அவள் உடம்புக்கு நேர்ந்ததையும் அவள் கை செய்ததையும் சேர்த்துச் சொன்னால் முகம் சுளிக்கும்.

அவள் கை செய்தது என்றேன் இல்லையா, அதில் பெண்ணியவாதிகளுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஜெர்மன் வரலாற்று ஆய்வாளர் கிசேலா பொக் 1986இல், நாஜி ஆட்சி கட்டாயக் கருத்தடை செய்தவர்களைப் பற்றி எழுதினார். சுமார் 4 லட்சம் பேர், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். பெண்கள் அந்த ஆட்சிக்குப் பலியானவர்கள் என்பது அவர் அழுத்திச் சொன்ன பக்கம். அடுத்த ஆண்டே அமெரிக்க ஆய்வாளர் கிளாடியா கூன்ஸ், கொலைத்தொழில் செய்து வீடு திரும்பிய ஆண்களுக்கு இதமான குடும்பம் அமைத்துக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டார். பொக் அதைக் கடுமையாக மறுத்தார். இவர்களுக்கும் முன்னால், 1983லேயே கிறிஸ்டினா ட்யூர்மர்-ரோர், ஆணாதிக்கத்துக்குப் பெண்களும் உடந்தை என்று எழுதியிருந்தார். என் மனம் அவர் பக்கம் சாய்கிறது. பலியானவள், உடந்தையானவள் என்று இரண்டு தனிப் பெண்கள் இல்லை. பல வீடுகளில் அவள் ஒருத்தியேதான்.

ஆனால் இடிபாட்டுப் பெண்களின் கதையை வெறும் புளுகு என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 1986 முதல் மேற்கு ஜெர்மனியில் பிள்ளை வளர்த்ததற்காக ஓராண்டை ஓய்வூதியத்தில் சேர்த்துக் கணக்கிட முடிவு செய்தார்கள். 1921க்கு முன் பிறந்த தாய்மார்களுக்கு மட்டும் கிடையாது. இடிபாட்டுக் காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களே அவர்கள்தான். கிழவிகள் சும்மா இருக்கவில்லை. 'நாங்கள் இடிபாட்டுப் பெண்கள்' என்று அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள். 1987இல் தனிச் சட்டம் வந்தது. பாதிப் பொய்யைக் காட்டி முழு நியாயத்தை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அதனால் உன் வரியை அடித்துவிடாதே. 'பெண்களே' என்பதில் உள்ள ஏகாரத்தை எடுத்துவிட்டு, ஓய்வூதியக் கதையைச் சேர்த்துக்கொள். கைதட்டல் குறையாது.

இங்கே யாருடைய நினைவு பொது நினைவாகிறது என்று கேட்டால், ஸ்ப்ரே ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் அரசின் கோட்டையை நிறுவிய குரோபன் என்பவரின் பெயரில் அங்கே ஒரு சாலை இருந்தது. அந்தக் கோட்டை வழியாக அடிமை வணிகம் நடந்தது. 2010இல் அந்தப் பெயரை நீக்கி, மே அயிம் என்ற கவிஞரின் பெயரை வைத்தார்கள். ஜெர்மானியத் தாய்க்கும் கானா நாட்டுத் தந்தைக்கும் 1960இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். 1984இல் அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் பெர்லினுக்குப் பாடம் நடத்த வந்து, உங்கள் வரலாற்றை நீங்களே எழுதுங்கள் என்று கறுப்பின ஜெர்மன் பெண்களை ஊக்கினார். இரண்டே ஆண்டுகளில் மே அயிமும் தோழிகளும் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கேயே பிறந்து, இந்த மொழியிலேயே கவிதை எழுதியவரைப் பார்த்தும் 'எப்போது ஊர் திரும்புவாய்?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என்னையும் கேட்கிறார்கள். நான் வந்தவள், கேட்கட்டும்.

இனி என் விஷயம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். 33 கேள்விகள் கொண்ட தேர்வில் 17க்குச் சரியாக விடை எழுத வேண்டும், அது பெரிதில்லை. 2024இல் வந்த சட்டத்தின்படி, நாஜிக் கொடுமைக்கும் அதன் விளைவுகளுக்கும் ஜெர்மனிக்குள்ள வரலாற்றுப் பொறுப்பை ஏற்பதாக உறுதியளிக்கவும் வேண்டும். எனக்கு அதில் தயக்கமில்லை. சொத்தை வாங்குகிறவர் அதன்மீதுள்ள கடனையும்தானே ஏற்கிறார்? ஆனால் நான் போகும் வாசகர் வட்டத்தில், இந்தச் சிலையைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது, "அது எங்கள் பாட்டிகளின் கதை, உங்களுக்குப் புரியாது" என்றார் ஒரு அம்மாள். பொறுப்பில் பங்கு கொடுத்துவிட்டுக் கேள்வியில் பங்கு இல்லை என்றால் எப்படி? அப்படியே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது; ஆனாலும் அடுத்த கூட்டத்தில் ட்ரேபரின் ஆய்வைப் பற்றி என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜெர்மனி இப்போது இரண்டு குடியுரிமைகளை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்னும் முடிவெடுக்கவில்லை. அம்மாவிடம் நீயாக ஒன்றும் சொல்லிவிடாதே, நானே போனில் பேசிக்கொள்கிறேன்.

உன் அன்புத் தங்கை